காசல்ரீக் கரையில் எபொக்சி: வீட்டில் படகு கட்டியவனின் மதிப்பீடு

வீட்டில் மரப்படகு கட்ட நினைப்பவர் முதலில் மரத்தைப் பற்றித்தான் விசாரிப்பார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் மூன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு துடுப்புப் படகைக் கட்டி முடித்து, அதை இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறக்கிய பிறகு கணக்கைப் புரட்டிப் பார்த்தால், ஒட்டுப்பலகைக்குக் கொடுத்ததைவிட அதை ஒட்டிய பிசினுக்குக் கொடுத்த பணமே அதிகமாக இருக்கிறது. செலவழிந்த நாட்களும் பெரும்பாலும் பிசினுக்காகக் காத்திருந்த நாட்களே. ஆகவே இந்த மதிப்பீட்டைப் பிசினைப் பற்றியே எழுதுகிறேன்: கொழும்பில் ஓர் இரசாயனப் பொருள் கடையில் வாங்கிய இரு பகுதி எபொக்சி, 5 கிலோ ரெசினும், அதோடு கலந்து அதை இறுகச் செய்யும் இரண்டரைக் கிலோ ஹார்டனரும். பொருள் நல்லது. விற்ற கடைக்கு அரை மதிப்பெண்தான் கொடுப்பேன். தகரத்தோடு வந்த கையேடு நம் மலைகளைக் கண்ணாலும் காணாத ஒருவர் எழுதியது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலைகளில் டீமேக்கராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு நோர்வூட்டுக்கும் காசல்ரீக்கும் இடையில் சிறியதொரு வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கிறேன். வீட்டின் பின்னால் தகரம் வேய்ந்த சாய்ப்பு ஒன்று உண்டு. படகு அதற்குள்தான் பிறந்தது. கடலோரத்தில் வளர்ந்தவனல்லன், தச்சுவேலை பழகியவனும் அல்லன். எனக்குத் தெரிந்ததெல்லாம் காற்றின் ஈரமும் சூடும் ஒரு பொருளை என்ன செய்யும் என்பது மட்டுமே. அது இந்த வேலைக்கு எவ்வளவு உதவும் என்று தொடங்கும்போது நான் நினைத்திருக்கவில்லை.

முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை வரைபடத்தின்படி அறுத்து, விளிம்பிலிருந்து ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உள்ளே, சாணுக்கு ஒன்றாகத் துளையிட்டு, செப்புக் கம்பியால் பலகையோடு பலகையைத் தைக்க வேண்டும். தட்டையாகக் கிடந்த பலகைகள் கம்பியை முறுக்க முறுக்க வளைந்து, ஒரே பிற்பகலில் படகின் உருவத்துக்கு வந்துவிடும். இந்த வேலையில் மிக மகிழ்ச்சியான பிற்பகல் அதுதான். பிறகு உட்புற மூலைகளில் எபொக்சியும் மரத்தூளும் குழைத்த களியை அப்பி, வெளிப்புறத் தையல்களின் மேல் கண்ணாடி இழை நாடாவை எபொக்சியில் ஊறவைத்து ஒட்ட வேண்டும். கம்பிகளைக் கழற்றிவிடலாம். படகைச் சேர்த்துப் பிடித்திருப்பது பிசின் மட்டுமே. உதவிக்கு வந்த மர பாஸ், அதாவது தச்சர், இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீமேக்கர் ஐயா, ஆணி இல்லாம, சட்டம் இல்லாம, பசையை நம்பியா தண்ணியில இறங்கப் போறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அவருக்கு நான் சொன்ன பதில் இரண்டு. 1963இல் இங்கிலாந்தில் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவோடு மிரர் என்ற சிறு பாய்ப்படகு இதே முறையில் வெளிவந்தது. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைச் செய்துகாட்டிய பாரி பக்னெல் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் படகை, தச்சுத் தொழில் அறியாத குடும்பத்தினர் வீட்டிலேயே கட்டினார்கள். இன்றுவரை 70,000க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டாவது பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. தென்கரையோர மீனவர்களின் ஓரு என்னும் பக்கமிதவைப் படகில், குடைந்த அடிமரத்தின் மேல் பக்கப் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால்தான் தைத்தார்கள். பலகையைத் தைப்பது நமக்குப் புதிதல்ல, பிசின்தான் புதிது. பாஸ் தலையை ஆட்டினாரே தவிர, படகில் ஏறுவதாக வாக்குக் கொடுக்கவில்லை.

இனிப் பிசினுக்கு வருகிறேன். கையேடு 25 பாகை செல்சியசுக்கு எழுதப்பட்டிருக்கிறது. அந்த வெப்பத்தில் கலந்த பிசின் கோப்பையில் அரை மணி நேரம் தாங்கும், எட்டு மணி நேரத்தில் கைபடலாம் என்கிறது. கொழும்பில் அது சரியாக இருக்கும். காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாத விடியற்காலையில் என் சாய்ப்புக்குள் வெப்பமானி 12 பாகையைக் காட்டியது. எபொக்சி இறுகுவது ஒரு வேதிவினை. வெப்பம் 10 பாகை குறைந்தால் அதன் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மாலையில் பூசியது மறுநாள் மதியத்திலும் விரலில் ஒட்டும். இது பொருளின் குறை அல்ல. ஆனால் இதைச் சொல்ல ஒரு வரி எழுதாதது கையேட்டின் குறைதான்.

குளிரில் ரெசினே தடித்துப் போகிறது. ஒருநாள் காலை தகரத்தைத் திறந்தபோது உள்ளே தெளிவாக இருந்த ரெசின் வெண்மை கலங்கி, அடியில் சீனிபோல மணிமணியாகக் கட்டியிருந்தது. பழுதாகிவிட்டது என்று ஒரு கணம் கலங்கினேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "நம்ம தேங்காயெண்ணெய்ப் போத்தல் மாதிரித்தானே இருக்கு, சுடுதண்ணியில வைச்சுப் பாருங்க" என்றார். மலையகத்து வீடுகளில் குளிர் மாதங்களில் உறைந்த தேங்காயெண்ணெயை அடுப்போரம் வைத்து உருக்குவது எல்லாருக்கும் தெரிந்த வேலை. தகரத்தை வாளியில் சுடுநீருக்குள் வைத்து, 50 பாகை அளவில் ஒரு மணி நேரம் விட்டுக் கிளறியதும் மணிகள் முழுவதும் கரைந்து பழைய தெளிவு வந்துவிட்டது; ஒட்டும் திறனில் எந்த மாற்றமும் இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கலப்பதற்கு முன் ரெசினை வெதுவெதுப்பாக்கிக்கொண்டேன். இளகிய ரெசின் மரத்துக்குள் நன்றாக இறங்குகிறது. கலக்கும்போது குமிழியும் குறைவு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சூடான ரெசினில் ஹார்டனரைச் சேர்த்து ஆழமான கோப்பையில் விட்டுவைத்தால் அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். கலந்தவுடன் அகன்ற தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும்.

குளிரைவிடப் பெரிய தொல்லை ஈரம். எபொக்சி இறுகும்போது அதன் மேற்பரப்பில் இருக்கும் ஹார்டனர், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மெழுகு போன்ற ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கையால் தடவினால் வழுக்கும். அதன் மேல் அடுத்த பூச்சைப் பூசினால் ஒட்டாது. வண்ணமும் உரிந்து வரும். பலர் இதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கப் பார்க்கிறார்கள்; தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், மெழுகும் கீழே தேய்ந்து பரவும். வெறும் நீரே போதும். பச்சைநிறத் தேய்ப்பு நாரை நீரில் நனைத்துத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு உப்புத்தாள் போட வேண்டும்.

அந்தப் படலம் என்னிடம் ஒருமுறை மிகத் தடிப்பாக வந்தது, அதுவும் என் அறியாமையால். குளிரைப் போக்குவதற்காகச் சாய்ப்பைப் படங்கால் மூடி, உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பைக் கொளுத்தி வைத்தேன். காலையில் படகின் அடிப்பகுதி முழுவதும் வெண்ணெய் தடவியதுபோல் இருந்தது. எரியும் மண்ணெண்ணெய் வெளியிடுவது கரியமில வாயுவும் நீராவியும்தான். படலத்துக்கு வேண்டிய இரண்டையும் நானே மூடிய இடத்தில் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். உலர்த்தும் அடுப்பின் புகை தேயிலையைத் தொட்டால் என்ன ஆகும் என்று வாழ்நாளெல்லாம் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவன் செய்த காரியம் இது. பிறகு படங்குக்குள் இரண்டு 100 வாட் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டேன். வெப்பம் 23, 24 பாகையில் நின்றது, படலமும் மெலிந்துவிட்டது.

எந்த நேரத்தில் பூசுவது என்பதில் மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மரம் சூடேறும் வேளையில் பூசினால், மரத்தின் துளைகளில் உள்ள காற்று விரிந்து பூச்சுக்குள் குமிழிகளாகக் கிளம்பும்; ஆகவே மரம் குளிரத் தொடங்கும் மாலையில் பூசுவதே முறை. ஆனால் நம் மலைகளில் மாலை நான்கு மணிக்கெல்லாம் நீர்த்தேக்கத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து சாய்ப்புக்குள் நுழைந்துவிடும். குமிழிக்குப் பயந்து மாலைக்குப் போனால் ஈரம். ஈரத்துக்குப் பயந்து காலைக்கு வந்தால் குமிழி.

இங்கேதான் என் பழைய தொழில் கைகொடுத்தது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியிலும் நொதிக்க வைக்கும் அறையிலும் ஈரக்குமிழ், உலர்குமிழ் என்று இரண்டு வெப்பமானிகள் பொருத்திய ஹைக்ரோமீட்டர் தொங்கும். ஒன்றின் குமிழில் நனைந்த துணி சுற்றியிருக்கும். காற்று எவ்வளவு உலர்வாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இரண்டு அளவுகளின் இடைவெளி விரியும். வாட்டும் மாடிக்கு இடைவெளி விரிந்திருக்க வேண்டும்; நொதிக்கும் அறைக்கு ஒடுங்கியிருக்க வேண்டும். படகுக்கு வேண்டியது வாட்டும் மாடியின் காற்று, மலை மாலையில் தருவதோ நொதிக்கும் அறையின் காற்று. அப்படி யோசித்ததும் வேலை எளிதாகிவிட்டது. என்னிடமிருந்த பழைய ஹைக்ரோமீட்டரைச் சாய்ப்பின் தூணில் மாட்டி ஒரு விதி வகுத்துக்கொண்டேன்: 18 பாகையில், இரண்டு குமிழ்களின் இடைவெளி 2 பாகைக்குக் குறைந்தால் தூரிகையைத் தொடுவதில்லை. காற்றின் ஈரம் அப்போது 80 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்பதும், பலகையின் வெப்பம் இன்னும் 3 பாகை இறங்கினால் அதன் மேல் பனி படியும் என்பதும் அதன் பொருள். தை, மாசி மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கும் மூன்றரைக்கும் இடையில் இடைவெளி பெரும்பாலும் மூன்றைத் தாண்டி நின்றது. மரமும் அப்போது உச்சச் சூட்டைக் கடந்து இறங்கத் தொடங்கியிருக்கும். நாளொன்றுக்கு அந்த ஒன்றரை மணி நேரமே எனக்குக் கிடைத்த வேலைநேரம். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அதுவும் கிடைக்காது. வெட்டவும் தைக்கவும் எந்த மாதமும் ஆகும். பிசின் வேலையை மட்டும் தையிலிருந்து பங்குனிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

மூலைகளுக்கு அப்பும் களியின் பதத்தைக் கையேடு ஏதோ மேலைநாட்டுப் பண்டத்தோடு ஒப்பிட்டு விளக்குகிறது. நம் வீட்டில் பழகிய பதம் உழுந்து வடைக்கு அரைத்த மா: கையில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழக் கூடாது, தட்டினால் விழ வேண்டும். அதைவிட இளகினால் மூலையிலிருந்து வழியும். இறுகினால் மரத்தைக் கவ்வாது. களியை வழித்து உருட்ட நான் பயன்படுத்தியது ஒரு பழைய சிரட்டை அகப்பையின் முதுகு. அதன் வளைவு இதற்கென்றே செதுக்கியதுபோல் பொருந்தியது. மரத்தூளை மர ஆலையில் அள்ளி வந்து, மாவரியில் சலித்து, வெயிலில் உலர்த்திக்கொண்டேன். அந்த மாவரி பிறகு சமையலறைக்குள் அனுமதிக்கப்படவில்லை.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். ரெசின் தகரத்தில் அச்சிட்ட சீட்டு இருந்தது: எடையில் நூறுக்கு ஐம்பது. ஹார்டனர் வந்ததோ மூடி மாற்றிய வேறொரு தகரத்தில். மேலே ஒட்டிய காகிதத்தில் பேனாவால் 1:1 என்று எழுதியிருந்தது. குழம்பிப்போய்த் தொலைபேசியில் கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான், சமமாகக் கலவுங்கள்" என்று பதில் வந்தது. எபொக்சியில் எல்லாம் ஒன்றல்ல. கடலோரத்து ஃபைபர் படகுகளுக்குப் பயன்படும் பொலியெஸ்டர் ரெசினில், ஊக்கியை ஓர் எல்லைக்குள் கூட்டியும் குறைத்தும் இறுகும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். எபொக்சியில் ஹார்டனர் என்பது வினையில் நேராகப் பங்கேற்கும் கூட்டாளி. அளவு தவறினால் மிஞ்சியது எதனோடும் சேராமல் அப்படியே தங்கிவிடும். நான் அதை அறிந்திருந்தும் விற்பவரின் சொல்லை நம்பினேன். முன்முனையிலிருந்து நடுப்பகுதிவரை உட்புறத் தையல் முழுவதும் அப்பிவிட்டுக் காத்திருந்தேன். மூன்று நாள், பிறகு பல்பின் சூட்டில் இன்னும் இரண்டு நாள். களி பலாப்பாலைப்போல இழுபட்டதே தவிர இறுகவில்லை.

அதைச் சுரண்டி எடுப்பதற்கு நான்கு நாள் ஆயிற்று. கூர்மழுங்கிய உளியால் வழித்து, வினாகிரி நனைத்த துணியால் துடைத்து, மரம் தெரியும்வரை தேய்த்தேன். ஓரிடத்தில் ஒட்டுப்பலகையின் மேல்தோலும் பெயர்ந்து வந்தது. படங்களை அனுப்பியதும் கடைக்காரர் மறுப்பேதும் சொல்லாமல் சரியான ஹார்டனரை மறுநாளே கொழும்பு பஸ்ஸில் பார்சலாக ஏற்றிவிட்டார். ஹட்டன் பஸ் நிலையத்தில் போய் வாங்கிக்கொண்டேன். அரை மதிப்பெண் அதற்காகத்தான். வீணான ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட ரெசினைப் பற்றிப் பேச்செடுத்தபோது தொலைபேசி துண்டிக்கப்பட்டது, இரண்டு முறையும். வாங்குபவர்கள் முத்திரை உடையாத தகரம் இரண்டையும் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். விகிதம் எடையிலா கனவளவிலா என்பதையும் சீட்டில் படித்துக்கொள்ளுங்கள். ஹார்டனர் ரெசினைவிட எடை குறைந்தது, எனவே எடைக்கணக்கைக் கோப்பைக்கணக்காக எடுத்துக்கொண்டால் பிழை வரும். நான் சமையலறை மின்தராசு ஒன்றை வாங்கி, அதையே கடைசிவரை பயன்படுத்தினேன். சரியான ஹார்டனரோடு செய்த தையல்களில் ஒன்றுகூட என்னை ஏமாற்றவில்லை.

ஒட்டுப்பலகையைப் பற்றிச் சுருக்கமாக. ஹட்டன் பக்கத்தில் நீர் புகாதது என்று விற்கப்பட்ட பலகையின் துண்டொன்றைப் பழைய பானையில் போட்டு, விறகடுப்பில் ஆறு மணி நேரம் அவித்தேன். நான்காவது மணியிலேயே அடுக்குகள் பொரித்த அப்பளம்போல விரிந்துவிட்டன. படகுப் பலகைக்கான பிரித்தானியத் தரமாகிய பிஎஸ் 1088 குறி உள்ள பலகையை வரவழைத்து, அதன் துண்டையும் அதே பானையில் அவித்தேன். காய்ந்த பின்னும் அடுக்கு பிரியவில்லை. விலை வேறுபாடு கண்ணைக் குத்துகிறது, ஆனால் அடுக்கு பிரியும் பலகையின் மேல் இந்த விலைப் பிசினைப் பூசுவதில் பொருளில்லை. பலகையின் நீளம் 8 அடி, படகோ அதைவிட நீளம். ஆகவே இரண்டு பலகைகளின் முனைகளைத் தடிப்பின் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். பாஸ் தன் இழைப்புளியால் அந்தச் சரிவைச் சீவிய நேர்த்தியை நான் எத்தனை ஆண்டு பழகினாலும் எட்ட மாட்டேன். மேல்விளிம்புச் சட்டங்களுக்குத் தேயிலை மலையில் நிழலுக்கு நட்ட சவுக்கு மரம், அதாவது கிரேவிலியா, கிடைத்தது. அழகான ரேகை உள்ள மரம், ஆனால் ஈரத்தைத் தாங்கி நிற்கும் மரமல்ல; மூன்று பூச்சு எபொக்சி வாங்கிய பிறகே அதை நம்பினேன்.

பொலியெஸ்டர் ரெசினையே பயன்படுத்தியிருக்கலாமே, பாதி விலைகூட இல்லையே என்று சிலர் கேட்டார்கள். முதல் மிரர் படகுகளின் தையல்களே பொலியெஸ்டரால்தான் ஒட்டப்பட்டன என்பதும் உண்மை. முழுவதும் கண்ணாடி இழையால் வார்த்த படகுக்கு அது பொருத்தமானது. மரத்தை அது எபொக்சியைப்போலக் கவ்வுவதில்லை. ஈரம் உள்ளே புகப் புக விளிம்பிலிருந்து உரியத் தொடங்கும். ஆண்டில் பாதி நாள் நனைந்தே கிடக்கும் நம் ஊரில், மரப்படகுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எபொக்சிக்கும் ஒரு பலவீனம் உண்டு: வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகிப் பொடிந்துபோகும். வண்ணப்பூச்சு அலங்காரத்துக்கு மட்டும் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். கையுறையின்றித் தொடாதீர்கள்; இன்று ஒன்றும் செய்யாத தோல், சில மாதம் தொடர்ந்து பட்டால் ஒருநாள் தடித்துச் சிவந்துவிடும், பிறகு அதன் வாடையே ஆகாமல் போகும்.

சித்திரையில் வண்ணம் காய்ந்தது. காசல்ரீ 1965இல் கட்டி முடிக்கப்பட்டு, விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு நீர் கொடுக்கும் நீர்த்தேக்கம். நான் இறங்கியபோது மின்சார சபையின் பொறுப்பில் இருந்தது. ஆகவே அனுமதி கேட்டு, உயிர்காப்பு மேலங்கி அணிந்தே இறங்கினேன். நான்கு பேர் தூக்கிவந்து நீரில் வைத்தார்கள். கரையை ஒட்டி அரை மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டுத் திரும்பி, முதலில் சுரண்டி இரண்டாம் முறை அப்பிய அந்த முன்பக்கத் தையலில் ஒரு பழைய நாளிதழை அழுத்தி எடுத்துப் பார்த்தேன். தாள் உலர்ந்தே இருந்தது. பாஸ் தாளை என் கையிலிருந்து வாங்கி, இருபுறமும் திருப்பிப் பார்த்து, செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்தார்.